விவரங்களுக்கு அழைக்க வேண்டிய எண்

ஐந்நூறு துண்டுப் பிரசுரங்களும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகு, திங்கட்கிழமை காலையில்தான் அவற்றின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை அவள் நிதானமாகப் படித்தாள். படித்ததும் கையிலிருந்த தேநீர் கசந்துவிட்டது.

“அண்ணே, இந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்க.”

அருங்காட்சியகத்தின் வாசல் காவலர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

“நல்லாத்தானே இருக்கு மேடம். பெரிய எழுத்து. தூரத்துல இருந்தே தெரியுது.”

“இது எங்க வீட்டு நம்பர் அண்ணே!”

“அப்ப நல்லதாப் போச்சு. யாராவது எடுப்பாங்க. நம்ம ஆபீஸ் போன் இயக்குநர் ரூமுக்குள்ள இருக்கு, அந்த ரூம் முக்காவாசி நாள் பூட்டியே கிடக்கு. அது பாட்டுக்கு அடிச்சு அடிச்சு ஓயும். நானும் வெளியில நின்னு ‘வர்றேன், வர்றேன்’னு சொல்லிப் பாத்துட்டேன்.”

அவள் அந்த அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சிப் பிரிவு. பிரிவு என்றால் அவளும் ஒரு மேசையும்தான். போன மூன்று மாதத்தில் மூன்று சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தாள். முதலாவதற்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு இரண்டு பேர். மூன்றாவதற்கு மழைக்கு ஒதுங்கிய ஒருவர் வந்தார். மழை விட்டதும் அவரும் போய்விட்டார்.

இயக்குநருக்குச் சிப்பந்திகள் வைத்த பெயர் ‘சுருக்கம்’. போன வாரம் அவர் அவளைக் கூப்பிட்டார்.

“சுருக்கமாச் சொல்றேன். வர்ற சனிக்கிழமை முப்பது பேராவது வரணும். வரலைன்னா உங்க பிரிவை மூடிடலாம். நீங்க கீழ்த்தளத்துக்குப் போய் பானை ஓடுகளுக்கு நம்பர் ஒட்டுங்க.”

கீழ்த்தளத்தில் பதினோராயிரம் ஓடுகள் இருந்தன. ஜன்னல் ஒன்றுகூட இல்லை. நாலு மனிதரைப் பார்த்து நாலு வார்த்தை பேசாவிட்டால் வாடிப்போகிற ஜன்மம் அவள்.

அதனால்தான் சனிக்கிழமைக்கு அத்தனை பாடுபட்டிருந்தாள். ‘மழையும் நாமும்’ என்று ஒரு கண்காட்சி. பழைய குடைகள், மழைமானிகள். ஓய்வுபெற்ற வானிலைக்காரர் ஒருவரின் பேச்சு. பிறகு, ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலிருக்கும் மழைக்காலப் புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டலாம். எல்லாம் சரியாக இருந்தது, எண்ணைத் தவிர.

தப்பு எப்படி நடந்தது என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. பதினோரு வருடமாக எந்தப் படிவத்தைக் கண்டாலும் கை தானாக எழுதுகிற எண் அது. அச்சகத்திலிருந்து வந்த ப்ரூஃபை அடுப்பில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாகத்தான் திருத்தியிருந்தாள். காலை நடைக்குக் கிளம்பிய மாமனாரிடம், “போற வழியில அச்சகத்துல குடுத்துடுங்க மாமா” என்று நீட்டியது மட்டும் ஞாபகம் இருந்தது.

எதிர்க் கடையிலிருந்து அச்சகத்துக்குப் போன் செய்தாள். அச்சகக்காரரின் மனைவி எடுத்தாள்.

“அவருக்குக் கண்ணுல ஆபரேஷன்மா. உங்க நோட்டீஸ்தான் கடைசியா அடிச்சது. சனிக்கிழமை வரைக்கும் எதையும் பாக்கக் கூடாதாம்.”

வீட்டுக்குப் போன் செய்தாள். லைன் பிஸி. பத்து நிமிடம் கழித்தும் பிஸி.

மாதக்கணக்கில் மூச்சுவிடாத போன் அது. மாமனார் தினமும் அதைத் துடைத்து, ரிசீவரைக் காதில் வைத்து, ‘உயிர் இருக்கு’ என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு வைப்பார். அவர் ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். ‘தெரியாது’ என்ற சொல்லை அந்தக் கம்பி ஜன்னல் வழியாக ஒருநாளும் வெளியே விட்டதில்லை. தெரியாத ரயிலுக்கும் ஒரு நேரம் சொல்வார். பெரும்பாலும் ரயிலும் அதை மதித்து வந்துவிடும்.

மதியம் வீட்டுக்கு ஓடினாள். மாமனார் முழுக்கைச் சட்டை போட்டு, தலைவாரி, போன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில், பேரும் நம்பருமாக எழுதிய ஒரு நோட்டு.

“பதினேழு பேரும்மா! காலையில இருந்து தண்ணி குடிக்க நேரமில்லை.”

“மாமா, நம்பர் தப்பா விழுந்துடுச்சு. இனிமே யாராவது கேட்டா ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுங்க.”

அவர் முகம் தொங்கிப் போயிற்று. “கேட்டு வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதா? என் சர்வீஸ்லயே அந்தப் பாவத்தைச் செஞ்சதில்லையேம்மா.”

அந்த முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பிரசுரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“சரி மாமா. இதுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க. மாத்திச் சொல்லிடாதீங்க.”

“ஒரு எழுத்து மாறாது” என்றார்.

செவ்வாய்க்கிழமை காவலர் மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், குடை ரிப்பேர் எங்கே நடக்குது?”

“எந்தக் குடை ரிப்பேர்?”

“வாசல்ல ஒரு அம்மா கம்பி ஒடிஞ்ச குடையோட நிக்கறாங்க. பழைய குடையைக் கொண்டு வந்தா தைச்சுத் தருவோம்னு போன்ல சொன்னாங்களாமே. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலைன்னு இப்பவே வந்துட்டாங்க.”

அன்று சாயங்காலம் மாமனார் கொஞ்சமும் கலங்கவில்லை.

“அந்தம்மா கேட்டாங்க, என் குடை உடைஞ்சிருக்கே, என்ன செய்யன்னு. நீ குடுத்த தாள்ல அதுக்குப் பதில் இல்லை. இருக்கறதை நான் மாத்தலைம்மா. இல்லாததைத்தான் நிரப்பினேன்.”

“வேற எதையெல்லாம் நிரப்பினீங்க மாமா?”

அவர் நோட்டைப் புரட்டினார். “முழங்கால் வலிக்காரங்களுக்கு ஜன்னலோரம் நாற்காலி. எல்லாருக்கும் டீ. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையான்னு ஒருத்தர் கேட்டார். தவளை மாதிரி கத்தற போட்டி இருக்குன்னேன்.”

“தவளையா!”

“மழைன்னா தவளை வேண்டாமா?”

“நியாயம்தானே” என்றது பக்கத்து அறையிலிருந்து கணவனின் குரல். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் செய்தித்தாளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

புதன்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் போன் வயரைப் பிடுங்கிவிட்டாள். மனசு உறுத்தியது. ஆனாலும் பகல் முழுக்க நிம்மதியாக இருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மாமனார் இல்லை. எதிர்த்த தையல் கடையில், தையல்காரரின் போனும் கையுமாக இருந்தார்.

“நம்ம போன் செத்துப் போச்சும்மா! ஜனங்க அடிச்சுப் பாத்து ஏமாந்து போவாங்களே. அதான் நோட்டுல இருக்கற ஐம்பத்து மூணு பேருக்கும் நானே பேசிட்டேன். சும்மா பேசிட்டு வைக்க முடியுமா? குடும்பத்தோட வாங்கன்னு சொல்லியிருக்கேன்.”

தையல்காரர் கழுத்து டேப்போடு எட்டிப் பார்த்தார். “நாங்க ஏழு பேரும்மா.”

அவள் வீட்டுக்குள் போய் முதல் வேலையாக வயரைச் சொருகினாள்.

அரங்கில் எண்பது நாற்காலிகள்தான். முப்பது பேர் வருவார்களா என்று கவலைப்பட்டவள், இப்போது எண்பதுக்கு மேல் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று நடுங்கினாள். வியாழக்கிழமை அருங்காட்சியக வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள்: ‘சனிக்கிழமை நிகழ்ச்சி. இடங்கள் நிரம்பிவிட்டன. மன்னிக்கவும்.’

அதுவரை அந்த வாசலில் யாரும் நின்று எதையும் படித்ததில்லை. அன்றைக்கு நின்றார்கள்.

“இடமே இல்லையாமே! அப்படி என்னதான் வச்சிருக்காங்க உள்ளே?”

வெள்ளிக்கிழமை காவலர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்த அட்டையைக் கழட்டிடுங்க மேடம். எப்படியாவது ஒரு இடம் பிடிச்சுக் குடுன்னு ஆளாளுக்கு என்கிட்ட சிபாரிசுக்கு வர்றாங்க. ஆறு வருஷமாப் பேசாத என் மச்சான்கூட வந்து ‘சௌக்கியமா’ங்கறான்!”

இனி ஓடி ஒளிய இடமில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடைத்தெரு முனையில் குடை தைப்பவரைக் கூட்டிவந்து வராந்தாவில் உட்கார வைத்தாள். பக்கத்துப் பள்ளியில் கெஞ்சி பெஞ்சுகள் வாங்கினாள். டீக்கு இரண்டு பெரிய பாத்திரங்கள் ஏற்பாடாயின.

சனிக்கிழமை காலை வரிசை தெருமுனை தாண்டி நின்றது. நுழைவாயிலில், பெட்டிபோட்டுத் தேய்த்த பழைய சீருடையில் மாமனார். அவர் முன்னால் மேசை. மேசைமேல் அவரே எழுதிய பலகை: ‘விசாரணை.’

இயக்குநர் வேகமாக வந்தார்.

“வரிசையில வாங்க சார்” என்றார் மாமனார்.

“நான் இந்த அருங்காட்சியகத்தோட இயக்குநர்!”

“ரொம்ப நல்லது. தவளைப் போட்டிக்கு நடுவர் இல்லாம முழிச்சுக்கிட்டிருக்கோம். நேரா போய் இடதுபக்கம்.”

முப்பத்திரண்டு வருடம் ஜனங்களை நடைமேடைக்கு அனுப்பிய குரல் அது. இயக்குநரின் கால்கள் தாமாக இடதுபக்கம் திரும்பின.

வானிலைக்காரர் மேடையேறினார். ஜன்னலோரம்வரை நிறைந்திருந்த முகங்களைப் பார்த்து அவருக்கு முதல் இரண்டு நிமிடம் பேச்சே வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. முட்டளவு வெள்ளத்தில் மேசைமேல் உட்கார்ந்து எடுத்த குடும்பப் படங்கள் கைமாறின. “அட, இது எங்க தெரு!” என்று யாரோ கத்தினார்கள். தையல்காரரின் கடைக்குட்டிப் பெண் கத்திய கத்தலில் கண்ணாடிப் பேழை அதிர்ந்தது. “சுருக்கமாச் சொல்றேன், அபாரம்!” என்று இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் வருகைப் பதிவேட்டை மூடினார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்.

“பிரிவு இருக்கும். நீங்களும் இருப்பீங்க” என்றார்.

அவள் ஓடிப்போய் அவருக்கு ஒரு டீ கொண்டுவந்தாள்.

“ஆனா ஒரு விஷயம்.” அவர் பிரசுரத்தை நீட்டினார். “இது நம்ம நம்பர் இல்லையே?”

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தந்த சந்தோஷமும் அவளுக்கு ஒரே நொடியில் வடிந்துவிட்டது.

“என் தப்புதான் சார். கைப்பழக்கத்துல எங்க வீட்டு நம்பரை எழுதிட்டேன். அடுத்த மாசம் கண்டிப்பா மாத்திடறேன்.”

“எழுத்துல ஒரு விளக்கம் குடுத்துடுங்க.”

அந்த நேரம் பார்த்து, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். கட்டுப் பிரித்த கையோடு அடுத்த மாத வேலையைக் கேட்க வந்திருந்த அச்சகக்காரர்.

“விளக்கம் எதுக்கும்மா? நீங்க ஆபீஸ் நம்பரைச் சரியாத்தான் எழுதியிருந்தீங்க. உங்க மாமனார்தான் என் மேசையில உக்காந்து அதை அடிச்சுட்டு வீட்டு நம்பரைப் போட்டாரு. ‘மருமக நடத்தற கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரணும்னு வெளியாள் மாதிரி கேக்க மூணு மாசமா நானே அடிச்சுப் பாத்துட்டேன், அங்கே போனை எடுக்க ஒரு ஆள் இல்லை’ன்னு சொன்னாரு.”