கடைக்காரனாகிக் கெட்டேன்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, என் பிரம்பு நாற்காலி வீட்டை விட்டுப் போகாது.

அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஒரு கை இல்லை. இருந்தாலும் அந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் சொத்து அது ஒன்றுதான். டிவி ரிமோட் மகளுடையது. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் கட்டில் மாமியாருடையது. மிச்சமெல்லாம் மனைவியுடையது, என்னையும் சேர்த்து.

அவளுக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. அந்த இடத்தில் சோபா வர வேண்டுமாம்.

"கடைக்குப் போய் சும்மா பாத்துட்டு வரலாம், வாங்க."

"பாக்கறதுக்கு எதுக்குக் கடை? போன்ல பாரேன்."

"போன்ல உக்கார முடியுமா?"

 

"சரி, வரேன். ஆனா ஒண்ணும் வாங்க மாட்டேன்."

"நீங்க எங்கங்க வாங்கப் போறீங்க!" என்று சொல்லி, தேய்த்து வைத்திருந்த நீலச் சட்டையை நீட்டினாள்.

கடை என்றால் ஊசியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் ஐந்து மாடிக் கடை. உள்ளே போனதும் சில்லென்று காற்று. புதுத் துணியும் சோப்பும் கலந்த வாசனை. லிஃப்டில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "எந்த மாடிங்க ஐயா?" என்றார். ஐயாவாம்! எனக்கு அங்கேயே பாதி மனசு இளகிவிட்டது.

மனைவி ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டை விட்டு இறங்கினாள். துணியைத் தடவிப் பார்த்தாள், பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தாள், தலையணையைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றுமே வாங்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. அவள் ஏன் இந்தக் கடை என்றால் உயிரை விடுகிறாள் என்று எனக்கே லேசாகப் புரிந்தது.

நாலாவது மாடியில் சோபாக்கள். "இங்கேயே நில்லுங்க, திரைச்சீலை பாத்துட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள். நான் ஒரு மஞ்சள் சோபாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எதிரியை முறைப்பது மாதிரி நின்றேன்.

"சார், இது நல்லா உழைக்குமா?"

ஒரு கணவனும் மனைவியும் கேட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அந்த மாடியில் விற்பனையாளர்கள் எல்லாருக்கும் நீலச் சட்டை.

நான் கடைக்காரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! நாக்கு தானாகப் புரண்டது.

"உழைக்குமாவா? இது எனக்கு உனக்குன்னு உங்க பேரப்பிள்ளைங்க அடிச்சுக்கும் சார்! உக்காருங்க. சாஞ்சுக்குங்க. ஆபீஸ்ல வாங்கின திட்டெல்லாம் அப்படியே மெத்தைக்குள்ள இறங்குதா?"

அவர் கண்ணை மூடினார். "இறங்குது சார்" என்றார் நெகிழ்ந்துபோய்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். இங்கே வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினேன், பஞ்சைப் பற்றிப் பேசினேன், குடும்ப ஒற்றுமைக்கு சோபா எவ்வளவு முக்கியம் என்று வெளுத்து வாங்கினேன்.

"ஏங்க, எங்க வீட்டுக்காரரு சோபாவே வேண்டாங்கறாரே?"

தெரிந்த குரல். கூட்டத்தின் பின்னால் என் மனைவி. என்னை முன்பின் பார்த்தே இராத முகம்!

எனக்கு வேர்த்துவிட்டது. இப்போது போய் நான் கடைக்காரன் இல்லை என்றால் இந்தக் கூட்டம் சும்மா விடுமா?

"அவருக்கு... ஏதாவது காரணம் இருக்கும்மா."

"ஒரு காரணமும் இல்ல. ஒரு ஓட்டை நாற்காலி வெச்சிருக்காரு. அதைக் கட்டிக்கிட்டு அழறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணை மூடியிருந்தவர் கண்ணைத் திறந்து, "ரசனை கெட்ட மனுஷனா இருப்பாரு போல" என்றார்.

"அப்படிங்களா?" என்று என்னையே கேட்டாள்.

"அப்படித்தாம்மா."

"அப்ப அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டுடலாங்களா? நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி! கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட நேரத்தில் வந்து தொலைத்தது!

"போட்டுடலாம்மா" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க சொன்னதை அவர்கிட்ட அப்படியே சொல்லிடறேன்."

கூட்டம் கலைந்தது. நிஜ விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வந்தார். மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவர் காதைக் கடித்தேன்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சோபாவை நிதானமா அனுப்புங்க. பழைய நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டாம். நான் எங்கேயாவது ஒளிச்சு வெச்சுக்கறேன்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"சோபாவை உங்க வீட்டம்மா நேத்தே வாங்கிட்டாங்களே சார். நீங்க லிஃப்ட்ல ஏறின நேரத்துக்கு, உங்க மாமியார் கதவைத் திறந்துவிட, எங்க ஆளுங்க அதை இறக்கி வெச்சுட்டு நாற்காலியை வண்டியில ஏத்திட்டாங்க."