மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

"ஓட்டுறவங்க பிரேக் புதுசு மாதிரியே இருக்கு மாஸ்டர். உங்க பக்கத்து பிரேக்தான் மிதிச்சு மிதிச்சே கழண்டுபோச்சு. வண்டி நாளைக்குக் காலையிலதான் கிடைக்கும்," என்று சொல்லி மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காலண்டரைப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த கை. சொந்த மனைவி மட்டும் மூன்று முறை ஃபெயில். நாளைக் காலை நான்காவது டெஸ்ட். இன்று பழக வண்டி இல்லை.

"விடுங்க, நான் போகலை," என்றாள் மனைவி. "டெஸ்ட்ல பக்கத்துல உங்க பிரேக் இருக்காதே. தனியா ஓட்ட எனக்கு வராதுங்க."

மாஸ்டர் விடுவாரா? பரணில் ஏறி, கல்யாணமான புதிதில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியை இறக்கினார். பெட்டி எப்போதோ செத்திருந்தது. இரண்டு கன்ட்ரோலர்கள் மட்டும், வயரோடு வயர் பின்னிக்கொண்டு, அன்றைய புதுத் தம்பதி மாதிரியே கிடந்தன.

கம்ப்யூட்டரில் ஒரு கார் கேமை இறக்கினார். கன்ட்ரோலர் வயர் கம்ப்யூட்டரில் நுழையவில்லை. கடைக்கு ஓடி, இரண்டு ஓட்டை வைத்த அடாப்டர் வாங்கி வந்தார். இப்போது இடப்பக்கம் அழுத்தினால் கார் வலப்பக்கம் போனது. செட்டிங்கில் கைவைத்தார். திசை சரியானது, பிரேக் ஹாரனாகிவிட்டது. மறுபடி கைவைத்தார். பிரேக் பிரேக்கானது, ஆனால் இரண்டு கன்ட்ரோலரும் ஒரே காரை ஓட்டின.

"அட, நம்ம ஸ்கூல் வண்டியேதான்!" மாஸ்டர் துள்ளினார். "நீ ஓட்டு. பிரேக்கை நான் பார்த்துக்கறேன்."

அவள் வேகத்தை அழுத்த, அவர் பிரேக்கை அழுத்த, கார் விக்கல் எடுத்தபடி போய்ச் சுவரில் முட்டியது. இரண்டாம் முறை பெட்ரோல் பங்க். மூன்றாம் முறை, உதவிக்கு வந்த ஆம்புலன்ஸ்.

"எதுக்கு பிரேக் போட்டீங்க?"

"நீ ஏன் போடலை?"

"போட விட்டாத்தானே!"

"எல்லாம் இந்த வயரால. சிக்கு விழுந்து கையை இழுக்குது," என்று பழியை வாயில்லாத பொருள்மேல் போட்டார் மாஸ்டர். "மாமா, கொஞ்சம் சிக்கெடுத்து விடுங்களேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேஜைக்கடியில் குனிந்தார்.

நான்காவது ஆட்டம். கார் கிளம்பியது. வளைவு. "மெதுவா, மெதுவா!" மாஸ்டர் பிரேக்கை அழுத்தினார். கார் வெண்ணெயாய் வழுக்கித் திரும்பியது. குறுக்கே லாரி. "ஐயையோ!" இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். கார் ஒரு முழம் தள்ளி நின்றது. குறுகலான பாலம், ஏற்றம், கடைசியில் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ். எல்லாம் முடிந்து திரையில் பட்டாசு வெடித்தது: நூற்றுக்கு நூறு!

"ஒரு கீறல்கூட இல்லைங்க!" அவள் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள்.

"எப்படி இருக்கும்?" மாஸ்டர் சிவந்துபோன கட்டைவிரல்களைப் பதக்கம்போல் நீட்டினார். "ஒன்பது இடத்துல காப்பாத்தியிருக்கேன்!"

அவள் முகம் சுருங்கியது. "அதானே பார்த்தேன். நாளைக்கு யார் காப்பாத்துவா?"

மேஜைக்கடியிலிருந்து மாமனாரின் தலை வெளியே வந்தது. கையில் ஒரு வயர் நுனி.

"மாப்ள, ஒருவழியா சிக்கெடுத்தாச்சு. உங்களோடதை இப்ப எந்த ஓட்டையில சொருகணும்?"