ஹார்லனின் ஸ்பிரிங்

திருகு கிடைத்துவிட்டது. ஸ்பிரிங்தான் கிடைக்கவில்லை.

லைல் பாக்கன் தன் வீட்டு நிலவறையில் மண்டியிட்டு, கன்னத்தைச் சிமென்ட் தரையில் ஒட்டவைத்து, ஃப்ரீசருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பட்டன், காய்ந்த பட்டாணி ஒன்று, போன வருஷத்துச் சிலந்தி. ஸ்பிரிங் இல்லை.

மேசைமேல் பிரித்துக் கிடந்த பிஸ்டல் அவருடையதாக இருந்தால் இவ்வளவு வேர்த்திருக்காது. அது ஹார்லன் வோஸுடையது. ஹார்லன்தான் கவுன்டி பிஸ்டல் கிளப்பின் கேப்டன். மாநிலப் போட்டிக்குப் போகும் நான்கு பேர் யார் என்று முடிவு செய்வதும் அவர்தான். லைல் ஆறு வருஷமாக ஐந்தாவது ஆள். நான்கு பேர் சுடுவார்கள். ஐந்தாவது ஆள் காப்பி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பார்.

நேற்று, திங்கட்கிழமை, ஹார்லனே வீடு தேடி வந்திருந்தார்.

"சனிக்கிழமை போட்டிக்கு இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு லைல். உன் கை மாதிரி யாருக்கும் வராது. அந்தப் பின்குறியையும் கழட்டித் துடைச்சிரு, அழுக்கு ஏறியிருக்கு. அப்படியே உன் கையால நூறு தோட்டாவும் போட்டுத் தந்துரு."

"சரி."

"இந்தத் தடவை நாலாவது ஆள் நீதான்."

லைலுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் எடைபோட்டு ஓய்வுபெற்றவர் அவர். கிராமுக்கும் கீழே போய்ப் பார்க்கிற மனுஷன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி மருந்து நிரப்பி, ஈயம் பொருத்திப் புதுத் தோட்டா ஆக்குவதில் அந்தக் கவுன்டியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் தோட்டா போடுகிறவனுக்கு யாரும் கேடயம் கொடுப்பதில்லை.

இன்று காலை, குறிபார்ப்பதற்காகப் பிஸ்டலின் பின்முனையில் பொருத்தியிருக்கும் அந்தப் பின்குறியின் திருகைக் கழற்றினார். அது விரல் நழுவி 'டிக்' என்று தரையில் விழுந்து ஃப்ரீசர் பக்கம் உருண்டது. எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், பின்குறிக்குக் கீழே இருக்க வேண்டிய ஸ்பிரிங்கைக் காணோம். அரிசிமணி அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் பின்குறி ஆடும். குறி ஆடினால் குண்டு ஊர் சுற்றும். அந்தப் பின்குறியைச் செய்து பொருத்திய கிழவர் செத்து நான்கு வருஷம். கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

திருகோடு சேர்ந்து தெறித்திருக்கிறது. வேறு எங்கே போகும்?

லைல் சமையலறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சர்ச் விருந்து அறிவிப்பைத் தாங்கிக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்தார். அவர் மனைவி நோரீன் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"காந்தம் எதுக்கு?"

"சும்மா."

காந்தத்தை நூலில் கட்டி மேசைக்கு அடியில் இழுத்தபோது முழங்கை அலமாரியில் இடித்தது. கம்பெனி வாரியாகப் பிரித்து, நான்கு கண்ணாடி ஜாடிகளில் அவர் ஒரு குளிர்காலம் முழுக்க அடுக்கிவைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கூடுகள் தரையெங்கும் ஓடின. பின்னாலேயே ஒரு டப்பா ப்ரைமர். தோட்டாவின் அடியில் வைக்கிற, பொட்டு வெடி மாதிரியான சின்னச் சின்ன மூடிகள் அவை.

பெரிய கூடுகளைக் கையால் பொறுக்கினார். சின்னதுகளைப் பொறுக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. நோரீனின் புது வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தார். உறிஞ்சினால் ஸ்பிரிங்கும் பைக்குள் வந்துவிடும், பிறகு நிதானமாகத் தேடலாம் என்பது அவருடைய திட்டம். ப்ரைமரை வேக்குவத்தில் உறிஞ்சக் கூடாது என்று கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல்நாள் வகுப்பெடுக்கிறவரும் அவர்தான்.

'டப்' என்றது வேக்குவம். பிறகு, 'டப், டப்.'

மேலேயிருந்து குரல் வந்தது. "லைல், என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதது ஏன் மூணு தடவை கேக்குது?"

அவள் இறங்கி வந்தபோது வேக்குவத்தின் மூக்கிலிருந்து புகை மெதுவாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. நோரீன் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"வாங்கி ரெண்டு மாசந்தான் ஆச்சு."

"உறிஞ்சுது. நல்லாத்தான் உறிஞ்சுது."

பிற்பகல் முழுக்க அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அந்தப் பையின் தூசியைச் சலித்தார்.

"அது நான் மாவு சலிக்கிற சல்லடை."

"கழுவித் தர்றேன்."

"வேண்டாம். இனிமே நீயே வச்சுக்கோ."

தூசியிலும் ஸ்பிரிங் இல்லை. மிச்சம் இருந்தது ஃப்ரீசருக்குப் பின்புறம். ஒயரை உருவிவிட்டு, தோளைக் கொடுத்து அதை ஒரு முழம் நகர்த்தினார். அங்கேயும் இல்லை. நகர்த்தி மறுபடி சுவரோடு வைத்தார். ஒயரைச் சொருகியதாகத்தான் அவருக்கு ஞாபகம்.

புதன்கிழமை காலை நிலவறையில் சிவப்பாக ஒரு ஓடை ஓடியது. நவம்பரில் சுட்ட மான் முழுவதும் கறியும் சாசேஜுமாக அந்த ஃப்ரீசருக்குள் இருந்தது. நோரீன் படியில் நின்றபடியே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இப்போது கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

"என்ன தேடறேன்னு இப்பவாவது சொல்வியா?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "ஹார்லன்கிட்ட தொலைச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். அவனும் மனுஷன்தானே," என்றாள்.

"சொன்னா நான் அஞ்சாவது ஆள்."

"இப்ப மட்டும் என்னவாம். நீ அஞ்சாவது ஆள், நமக்கு மான் கிடையாது."

உருகின கறியை மறுபடி உறையவைக்க முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம் கொல்லையில் அடுப்பு மூட்டி எல்லாவற்றையும் சுட்டுத் தீர்ப்பது என்று நோரீன் முடிவெடுத்து, தெருவுக்கே சொல்லி அனுப்பினாள். ஹார்லனையும் அவர் மனைவி ஆர்லிஸையும்கூடக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது, அவர்கள் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்து இறங்கியபோதுதான் லைலுக்குத் தெரிந்தது.

ஹார்லன் தட்டோடு அடுப்பருகே வந்து நின்றார்.

"என்ன விசேஷம்? அடுப்பு மேல ஒரே கறியா இருக்கு."

"ஃப்ரீசர் மக்கர்."

"ஓஹோ." ஒரு சாசேஜைக் கடித்தார். "பிஸ்டல் ஆச்சா?"

"ஆயிட்டிருக்கு."

"பின்குறியைக் கழட்டினியா?"

"கழட்டினேன்."

"உள்ள எல்லாம் சரியா இருந்துச்சா?"

லைலுக்குத் தொண்டைக்குழியில் மான் நின்றது. "இருந்துச்சு."

ஹார்லன் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "எல்லாமே?"

"எல்லாமே."

"நல்லது," என்றார் ஹார்லன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இன்னும் மூன்று சாசேஜ் சாப்பிட்டார்.

அந்த மலர்ச்சிதான் லைலைக் கொன்றது. எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறான் மனுஷன். இவனிடம் போய்ப் பொய் சொன்னோமே.

வெள்ளிக்கிழமை காலை லைல் தன் சொந்தப் பிஸ்டலை எடுத்தார். அவரும் ஹார்லனும் ஒரே வருஷத்தில் அதே கிழவரிடம் பின்குறி பொருத்திக்கொண்டவர்கள். அந்தக் கவுன்டியில் அப்படி ஸ்பிரிங் உள்ள இன்னொரு பின்குறி இதுதான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு வெள்ளைத்துணிமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹார்லனின் பிஸ்டலில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

தன்னுடையதற்கு வேறு வழி பார்த்தார். வீட்டிலிருந்த பால்பாயின்ட் பேனாக்களையெல்லாம் பிரித்தார். ஈமச்சடங்கு நிலையம் ஒன்று விளம்பரத்துக்குக் கொடுத்த பேனாவின் ஸ்பிரிங் ஏறக்குறைய சரியாக வந்தது. இரண்டு சுற்று வெட்டி, அழுத்தித் திருகிவிட்டார். தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"எட்டு எழுத்துல ஒரு வார்த்தை, அர்த்தம் 'பைத்தியக்காரத்தனம்'," என்றாள் நோரீன் மேலேயிருந்து. "எழுதிக்க ஒரு பேனா இருந்தா குடு."

பிறகு ஹார்லனுக்காக நூறு தோட்டா போட்டார். வாழ்நாளில் அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. ஒவ்வொன்றின் மருந்தையும் இரண்டு முறை நிறுத்தார். குற்றவுணர்ச்சிக்கு மட்டும் தராசில் எடை விழவில்லை.

சனிக்கிழமை காற்றே இல்லை. சுடுவதற்கென்றே செய்தது போன்ற நாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக லைல் கையில் ஃபிளாஸ்க் இல்லாமல் சுடுகிற கோட்டில் நின்றார். பக்கத்து இடம் ஹார்லனுக்கு.

முதல் இரண்டு குண்டும் நடுவட்டத்தில் விழுந்தன. மூன்றாவது ஒரு விரற்கடை கீழே. நான்காவது இன்னும் கீழே. ஒவ்வொரு அதிர்வுக்கும் பேனா ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போக, பின்குறியும் அதோடு சேர்ந்து இறங்கியது. உயரத் தூக்கிக் குறிவைத்துப் பார்த்தார். எட்டாவது குண்டு காகிதத்தின் விளிம்பைக் கிழித்தது. பத்தாவது, பலகைக்கு முன்னால் மணலில் விழுந்து புழுதி கிளப்பியது.

பக்கத்தில் ஹார்லன் நின்ற இடத்தில் பிஸ்டல் பாட்டுப் பாடியது. அவருடைய காகிதத்தில் நடுவில் ஒரே ஓட்டை, கொஞ்சம் பெரியதாக. வாழ்நாளிலேயே அவர் அப்படிச் சுட்டதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தனிநபர் கேடயம் அவருக்கு. குழுவுக்கு ஒன்றும் இல்லை. நாலாவது ஆள் கவிழ்த்துவிட்டான்.

ஹார்லன் வந்து லைலின் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காதப்பா. முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்கும்."

"கை நடுங்கல."

"சரி, நடுங்கல. அடுத்த வருஷம் பார்ப்போம். ஃபிளாஸ்க் யாருகிட்ட இருக்கு?"

கேடயம் வாங்க அவர் மேடைப் பக்கம் போனார். நோரீன் கணவனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இப்பவாவது போய்ச் சொல்லிடு. வேக்குவம் போச்சு, மான் போச்சு, பந்தயமும் போச்சு. இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. மனசாவது சுத்தமாகட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. சாப்பாட்டுக் கூடாரத்தில் ஹார்லனின் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஆர்லிஸ் மட்டும் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண்மணி. அவளிடம் சொன்னாலும் ஹார்லனிடம் சொன்ன மாதிரிதான் என்று லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரில் நின்றார்.

"ஆர்லிஸ், ஒரு தப்பு பண்ணிட்டேன். ஹார்லன் என்னை நம்பிப் பிஸ்டலைக் குடுத்தான். பின்குறியைக் கழட்டும்போது உள்ள இருந்த ஸ்பிரிங்கைத் தொலைச்சிட்டேன். கேட்டப்ப பொய் சொன்னேன். இப்ப அதுல இருக்கிறது என்னோடது. அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஆர்லிஸ் இரண்டு பின்னலை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ஸ்பிரிங்கா? அது போன மாசத்திலேருந்து எங்க வீட்டுக் கார்ப்பெட்டுல எங்கயோ கெடக்கு, லைல். ஒரு வாரம் தவழ்ந்து தேடிட்டு, 'லைல்கிட்ட கழட்டச் சொல்லிக் குடுத்தா, தான்தான் தொலைச்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டு எப்படியும் ஒண்ணு போட்டுக் குடுத்துருவான்'னு சொல்லித்தானே இந்த மனுஷன் உங்க வீட்டுக்கே கொண்டுவந்தாரு."