கரடியின் கையில் கடைசி முள்

ஒரு காட்டில் ஓர் ஏரி. ஏரியில் மீன். கரையில் ஒரு மீன்பிடிச் சங்கம். மிருகங்கள் பேசுமா என்றால், பேசும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

சங்கத்தில் கரடி ஒருவன் உறுப்பினன். நல்லவன். அவசரக்காரன். ஒருநாள் காலையில் தூண்டிலை வேகமாக வீசினான். முள் ஏரிக்குப் போகவில்லை. அவன் இடது உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

கத்தினான். பக்கத்தில் இருந்த குரங்கு ஓடிவந்து தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்தான்.

"இழுக்காதேடா மடையா!"

இழுத்தால் வராது. தூண்டில் முள்ளின் முனையில் பின்பக்கம் பார்த்து ஒரு சின்ன நாக்கு உண்டு. மாட்டிய மீன் நழுவக் கூடாதென்று வைத்தது. கரடி மட்டும் நழுவுமா? முனையை முன்னால் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். நாக்கை வெட்டி எறிய வேண்டும். மிச்சத்தை வந்த வழியே உருவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சங்கத் தலைவர் ஆமை வந்தார். பார்த்தார். "தள்ளு" என்றார். குரங்கு தள்ளினான். கரடி மறுபடி கத்தினான். முனை வெளியே வந்து வெயிலில் மின்னியது.

"சரி, வெட்டுங்க."

"எதை வெச்சு?" என்றார் ஆமை.

சங்கத்தில் கட்டர் இல்லை.

"வாங்கிடலாம். ஆனா நல்லதா வாங்கணும். போன தடவை வாங்கின குறடு ஒரே மழையில துருப்பிடிச்சு வாயைத் திறக்க மாட்டேன்னுடுச்சு."

"ஏதாவது ஒண்ணு வாங்குங்க தலைவரே. உயிர் போகுது."

"உனக்கு உயிர் போகுதுன்னு கண்டதை வாங்க முடியுமாப்பா? பொதுச் சாமான்."

குரங்கு செல்போனை எடுத்தான். "இந்தக் கட்டருக்கு நாலரை ஸ்டார் போட்டிருக்காங்க தலைவரே. சீக்கிரம் வந்துச்சாம். பெட்டி ரொம்ப அழகா இருக்காம்."

"வெட்டுதாமா?"

"பெட்டியை இன்னும் பிரிக்கலையாம்."

போனை மூடச் சொல்லிவிட்டு, கடைக்காரக் கீரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் மூன்று கட்டரோடு வந்தான்.

சங்கத்தில் ஒரு வழக்கம். பொதுவுக்கு எது வாங்கினாலும் எல்லோர் கையும் அதில் பட வேண்டும். படாதவன் நாளைக்கு "என்னைக் கேட்டா வாங்கினீங்க?" என்று கிளம்புவான். ஆகவே ஒவ்வொருவரும் தன் முள்ளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டரிலும் தன் கையால் வெட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வரிசை ஏரியைச் சுற்றி நின்றது.

"முதல்ல என்னுதை வெட்டிப் பாருங்களேன்," என்றான் கரடி.

"சோதிக்காத கட்டரை உன் கையில வைக்கிறதா? உன் நல்லதுக்குத்தானே இவ்வளவு பேர் நிக்கிறோம்!"

கரடி உட்கார்ந்தான்.

முதல் கட்டருக்குச் சிவப்புக் கைப்பிடி. பார்க்க அழகு. காட்டுப்பன்றி ஒரு தடித்த முள்ளை வைத்து அமுக்கியது. முள் அப்படியே இருந்தது. கட்டரின் வாயில் பள்ளம் விழுந்தது. அதோடு விட்டார்களா? இல்லை. வழக்கம் வழக்கம்தான். மெல்லிய முள்ளாகக் கொடுத்து எல்லோரும் வெட்டினார்கள்.

இரண்டாவது வெட்டியது. ஈரக் கையில் வழுக்கவும் செய்தது. வெட்டுண்ட துண்டு பறந்துபோய் ஆமையின் ஓட்டில் அடித்தது. "இது சரிப்படாது," என்று ஓட்டுக்குள்ளிருந்து தீர்ப்பு வந்தது.

மூன்றாவது குட்டை வாய். நீளக் கைப்பிடி, ரப்பர் போட்டது. அமுக்கினால் வெட்டும், விட்டால் தானே திறக்கும். தடித்த முள்ளும் வெண்டைக்காய் மாதிரி நறுக்கென்று போனது.

"அடடே!" என்றது காட்டுப்பன்றி. "இன்னொரு தடவை."

அங்கேதான் காரியம் கெட்டது. எல்லோருக்கும் இன்னொரு தடவை வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஓடினார்கள். பெட்டியோடு முள்ளைக் கொண்டுவந்து வெட்டினார்கள். அது தீர்ந்ததும் கீரி தன் கடைச் சரக்கை எடுத்துக் கொடுத்தான். அதையும் வெட்டினார்கள். பொழுது சாய்ந்தது.

"இதையே வாங்கிடலாம்," என்றார் ஆமை. ஒருமனதாக முடிவு. கைதட்டல்.

கரடி எழுந்து கையை நீட்டினான். "இப்போ வெட்டுங்க."

யாரும் நகரவில்லை. குரங்கு மெதுவாகச் சொன்னான், "தலைவரே, காட்டில இந்த முள்ளு ஒண்ணுதான் மிச்சம்."

"கீரி, புதுச் சரக்கு எப்போ வரும்?"

"பாலம் மழையில போயிடுச்சே தலைவரே. அதைக் கட்டி முடிச்சாத்தான் வண்டி வரும்."

எல்லோரும் கரடியின் கையைப் பார்த்தார்கள். பிறகு ஏரியைப் பார்த்தார்கள். பசிக்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

"என் கையில இருக்குய்யா!"

"கை உன்னுது," என்றார் ஆமை. "அதை யாரு இல்லேன்னா? முள் இனிமே பொது."

புதுக் கட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குரங்கு அந்த முனையில் ஒரு மண்புழுவைக் கோத்தான். கரடியைக் கரையில் உட்கார வைத்துக் கையைத் தண்ணீரில் இறக்கினார்கள். திட்டினான். அழுதான். திட்டிக்கொண்டே இருக்கையில் பெரிய விரால் ஒன்று கவ்வியது. கரடி போட்ட கத்தலில் அதுவே கரைக்கு வந்துவிட்டது.

"கைராசிக்காரன்!" என்றார்கள்.

மறுநாளும் உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த நாளும். சும்மா சொல்லக் கூடாது, முதல் மீன் கரடிக்குத்தான். வெயில் அடித்தது, குடை வந்தது. இடுப்பு வலித்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. புழு கோக்கத் தனி ஆள். போகிறவன் வருகிறவன் எல்லாம் வணக்கம் வைத்தான். "என்னப்பா" என்று கூப்பிட்ட ஆமையே "அய்யா" என்று ஆரம்பித்தார். கையும் மரத்துப்போனது.

ஒருவழியாகப் பாலம் கட்டி முடிந்தது. வண்டி வந்தது. கீரி பெட்டி நிறைய முள்ளை இறக்கிவிட்டு, ஆமையிடம் சாவி வாங்கிக் கட்டரோடு கரடியிடம் ஓடினான்.

"அண்ணே, கையைக் கொடுங்க. ஒரே அமுக்கு. விடுதலை!"

கரடி கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"வெட்டினப்புறம் நான் யாரு?"

"யாருன்னா... கரடி."

"அதான் முன்னாடியே இருந்தேனே. யாரு வணக்கம் வெச்சா?"

கீரி கட்டரைத் திறந்து மூடிக்கொண்டு நின்றான்.

"புது முள்ளு வந்திருக்காமே," என்றான் கரடி.

"ஆமாண்ணே. எல்லா அளவும் இருக்கு."

கரடி வலது கையை நீட்டினான்.

"பெருசா ஒண்ணு எடுத்து இதுல மாட்டு."

நீதி: நல்ல கட்டரைத் தேடி அலையாதே. கொஞ்ச நாள் பொறுத்தால் முள்ளே உத்தியோகம் ஆகிவிடும்.