ஐசாக் மாஸ்டரின் ஆறு கண்கள்

டினேஸ் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தபோது சேர்வர் மறுபடி செத்துப்போனது. அதை அவன் போய்ப் பார்த்து அறியவேண்டி இருக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"கேற் தெரியேல்லை," என்றார் அவனுடைய தகப்பன் ஐசாக் மாஸ்டர். "கிணத்தடியும் தெரியேல்லை. ஆரும் வளவுக்குள்ளை பூந்திட்டாங்களோ?"

வாய் நிறைய நுரையோடு, ஒருவரும் புகவில்லை, எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று டினேஸ் சொன்னான்.

"கண்ணாலை காணாததை நான் என்னெண்டு நம்பிறது?"

காணாதவற்றை நம்புவதுதான் விசுவாசம் என்று முப்பது வருடமாக ஓய்வுநாட் பள்ளியில் படிப்பித்த மனிதர் இவர். கிணற்றடி விடயத்தில் மட்டும் அது செல்லாது போலும்.

மாஸ்டர் மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் உப அதிபராக இருந்து இளைப்பாறியவர். இருதய ஒப்பரேசனுக்குப் பிறகு, நல்ல டொக்டர்மாருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மூத்த மகன் பிறேம் அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தான். மாஸ்டர் ஒரு நிபந்தனையோடுதான் பிளேன் ஏறினார். பண்டத்தரிப்பு வீட்டையும் வளவையும் நினைத்த நேரம் அங்கிருந்து பார்க்கவேண்டும். என்றைக்குப் பார்க்க ஏலாமல் போகிறதோ, அன்றைக்கே திரும்பி வந்துவிடுவார். ஆகவே கேற், கிணறு, மாமரம், குசினி வாசல் என்று ஆறு கமெராக்கள் பூட்டப்பட்டன. ஆறு கமெராக்களின் படத்தையும் வாங்கிக் கனடாவுக்கு அனுப்ப, ஸ்ரோர் அறையில் ஒரு பழைய கொம்பியூட்டர் சேர்வராக இருத்தப்பட்டது.

சேர்வரைத் தானே தனியாகச் செய்ததாக டினேஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன் செய்தது வயர் கொழுவியது. மிச்சமெல்லாம் பிறேமின் மனைவி அபிகாயில் அண்ணி ரொறன்ரோவில் இருந்தபடி செய்தது. அண்ணி அங்கே பெரிய மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை. டினேஸும் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கந்தோரின் கொம்பியூட்டர் ஆள்தான். எந்தப் பிழைக்கும் மிசினை நிற்பாட்டித் திரும்பப் போடுவதே அவனுடைய வைத்தியம்.

சேர்வர் அந்த வைத்தியத்துக்கு மசியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நீளமாக ஒரு ஒப்பாரி வைத்துவிட்டு, கடைசியில் 'கேர்னல் பானிக்' என்று எழுதி மூச்சை விட்டுவிடும். கேர்னல் என்பது கொம்பியூட்டரின் மூளை மாதிரி. அதற்கு விசர் பிடித்தால் மற்ற ஒன்றும் ஓடாது. எப்போது பிடிக்கும் என்று சாத்திரியாராலும் சொல்ல ஏலாது.

டினேஸின் மனைவி நிஷானிக்கு இதிலே சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மாமனார் போனபிறகு அவருடைய முன்னறைக் கட்டிலைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டுவிட்டு, அங்கே கேக் சுடுகிற கறண்ட் அடுப்பான அவணை வைத்து, ஏசி பூட்டி, கேக் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டிய நாள்தொட்டு அவளுக்கென்று அமைந்த முதல் இடம் அது. கமெரா பார்க்காத இடமும் அதுதான். மாஸ்டர் வந்தால் கட்டில் முன்னுக்கு வரும், அவண் வெளியே போகும். 

"இஞ்சேருங்கோ, உந்தச் சேர்வரை எப்பிடியாவது திருத்துங்கோ. மாமா வந்தால் நான் பேந்தும் குசினி மூலைக்குத்தான்."

டினேஸ் அண்ணிக்கு வட்ஸ்அப்பில் அழைத்தான்.

"பயப்பிடாதையும் தம்பி," என்றார் அண்ணி. "முதல்லை றாம் எண்ட மெமறித் தகட்டைக் கழட்டி அழிறப்பராலை வடிவாத் துடைச்சுப் பாரும்."

துடைத்தான். சேர்வர் இரண்டு நாள் பிள்ளைப்பூச்சி மாதிரிக் கிடந்தது. மூன்றாம் நாள், தேங்காய் பிடுங்க வந்தவன் மரத்தில் பாதி ஏறியிருக்கும்போது சேர்வர் மறுபடி விழுந்தது. மாஸ்டரின் திரையில் அந்த மனிதன் பாதி மரத்தில் அப்படியே உறைந்து நின்றான். அவர் டினேஸைக் கூப்பிட்டால் டினேஸ் கந்தோரில். நிஷானியைக் கூப்பிட்டால் அவள் கை முழுக்க பட்டர். உடனே ஊர்ச் சபைப் போதகருக்குப் போன் அடித்து, ஏறினவன் இன்னும் இறங்கவில்லை, ஒருக்கால் ஓடிப்போய்ப் பாருங்கோ என்று சொல்லிவிட்டார். போதகர் வியர்க்க விறுவிறுக்க மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, இறங்கினவன் குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்ததாக அண்ணி, கறண்ட் ஏறி இறங்குவதாலும் இப்படி நடக்கும் என்றார். வீட்டில் பெரிதாகக் கறண்ட் இழுக்கிற சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அவண் நிற்பாட்டப்பட்டது. நிஷானி சண்டிலிப்பாயில் தாய் வீட்டில் கேக் சுட்டு ஓட்டோவில் கொண்டுவந்தாள். கலியாண வீடு ஒன்றுக்கு இரண்டு தட்டுக் கேக் கொண்டு போனபோது, மேல் தட்டு றோட்டுக் கிடங்கு ஒன்றில் விடைபெற்றுக்கொண்டது. பொம்பிளை வீட்டார் நல்ல மனிதர்கள். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ஊருக்குத்தான் சொன்னார்கள். அவண் அணைந்து கிடந்த அந்தக் கிழமையில் சேர்வர் மூன்று தரம் விழுந்தது.

சூடாக இருக்கும் என்றார் அண்ணி. வீட்டில் ஏசி உள்ளது கேக் அறையில் மட்டும். சேர்வர் அங்கே குடியேறியது. ஐசிங் சீனி அரிக்கிற அறையில் காற்றை இழுக்கும் மிசின் ஒன்றை வைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. உள்ளே திறந்து பார்த்தால் நத்தார் அட்டையில் போடுகிற பனி.

மாஸ்டரோடு போனில் கதைத்தபடி, சேர்வரைப் பார்க்க டினேஸ் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததில், போன் வழியாக மாஸ்டரின் காதில் பெட்டைகளின் சிரிப்புச் சத்தம் விழுந்தது. கேற்றடியில் நாலு ஸ்கூட்டி நிற்பதை அவர் ஏற்கெனவே கண்டு வைத்திருந்தார். நிஷானி வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: பெண்கள் ஐக்கியக் கூட்டம்.

மாஸ்டருக்குப் பரம சந்தோசம். ஒரு கீர்த்தனை படிக்கச் சொல்லுங்கோ, கேட்டு எவ்வளவு காலம் என்றார். கையில் ஐசிங் பைகளோடு நாலு மாணவிகளும் எழுந்து நின்று பாடினார்கள். அதில் இரண்டு பேர் சைவப் பிள்ளைகள். தெரிந்த அளவுக்கு வாயசைத்தார்கள். மாஸ்டர் அந்தப் பக்கம் ஆமென் சொன்ன அதே நிமிடம் சேர்வர் விழுந்தது.

"அபிகாயில் அக்கா தங்கமான மனிசி," என்றாள் நிஷானி அன்றைக்கு. "தன்ரை வேலை அறையை மாமாவுக்கு விட்டுக் குடுத்திட்டு, குசினி மேசையிலை இருந்து வேலை செய்யிறாவாம். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நானெண்டால் விசர் பிடிச்சிருப்பன்."

கடைசியில் டினேஸ் தன் கௌரவத்தை விழுங்கிக்கொண்டு ரவுணில் கொம்பியூட்டர் திருத்துகிற றோய் என்பவனைக் கூட்டிவந்தான். றோய் சீனியை ஊதித் தள்ளி, றாமைச் சோதித்து, கறண்டை அளந்து பார்த்தான். மிசினில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் சரிவரும் என்றான். டினேஸ் அண்ணியிடம் கேட்டான். நல்ல யோசனை, ஆனால் கண்டவர்களின் கையில் குடுக்க வேண்டாம், நானே இங்கிருந்து போட்டுத் தாறன் என்று அண்ணி சொன்னார். சொன்னபடி, அலுவலக வேலையும் முடித்து, மாமனாருக்குச் சாப்பாடும் குடுத்துவிட்டு, முழித்திருந்து போட்டும் தந்தார். டினேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எந்த அண்ணி இப்படிச் செய்வாள்?

நாலு நாள் ஓடியது. நிஷானி அவணை மூட்டினாள். பெரிய ஓடர் ஒன்றுக்கு ஓம் என்றும் சொல்லிவிட்டாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தேவாலயத்தில் இருந்து வந்து கேற்றைத் திறக்கிற நேரம் பார்த்து ஆறு கண்களும் அவிந்தன.

இந்த முறை மாஸ்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டினேஸ், உன்னை நான் குறை சொல்லேல்லை. உனக்கு ஏலுமானது அவ்வளவுதான். பிறேமுக்கும் சொல்லிப்போட்டன். அபிகாயில் ரிக்கற் போட்டிட்டாள். நான் வாறன்."

நிஷானி ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவணுக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். டினேஸ் அவளைத் தேற்றப் போய், மாமரத்தடியில் ஒரு கொட்டில் போட்டுத் தாறன் என்றான். அங்கே கமெரா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் அழுதாள். தன்னால் ஒரு மிசினைத் திருத்த ஏலாமல் போனதால் இவளுக்கு இந்தக் கதி என்று டினேஸுக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அவணைத் தானே தூக்கி வெளியே வைத்தான். கட்டிலை முன்னுக்குக் கொண்டுவந்து பூட்டினான்.

கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி அழைத்தார். நிஷானியும் கேட்கட்டும் என்று டினேஸ் ஸ்பீக்கரில் போட்டான். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. தன் மேசையைத் திரும்ப அறைக்குள் இழுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். டினேஸ் ஆணி முறுக்குவதை விட்டுவிட்டு, நீங்கள் எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீர்கள் அண்ணி, எனக்குத்தான் கெட்டித்தனம் காணாமல் போச்சு என்றான்.

"சீச்சீ, அப்பிடிச் சொல்லாதையும் தம்பி, உம்மிலை ஒரு பிழையும் இல்லை," என்றார் அண்ணி. "மாமா இப்பதான் பிளேன் ஏறினவர், சேர்வருக்குள்ளை நான் எழுதிப் போட்டு வைச்சதைக் கழட்டிப்போட்டன், இனி அது விழாது."