பிரேக்க மிதிச்சா பின்வாங்குற வண்டி

அன்னைக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கார்ல பின்பக்கம் எரியாம இருந்த பிரேக் லைட்டுக்கு பல்பு மாத்தணும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. என் மச்சான் செந்திலுக்குப் பொண்ணு பாக்க ஸ்ரீமுஷ்ணம் போறோம். என் வூட்டுக்காரம்மா சுமதி சொன்னது இவ்ளோதான். "நல்ல காரியத்துக்குப் போறோம், எல்லா லைட்டும் எரியட்டும். பல்ப மட்டும் மாத்திட்டு வந்துருங்க. வேற எதையும் நோண்டாதீங்க."

என்கிட்ட போயி நோண்டாதீங்கன்னா!

நம்ம தொழிலு விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்ல. சின்ன யூனிட்டு. பீங்கான்ல ஃபியூஸ் கட்டை செய்யறோம். அப்போ எங்க தெருவுலயே டிக்கி வெச்ச டீசல் காரு என்னுது ஒண்ணுதான். வாங்கின அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த வண்டிய இருவது வருஷமாவது வெச்சிருக்கணும்.

அதுக்காக ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டர்ல தவம் கிடந்தேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் டீசல் வண்டிய பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓட்டறானாம். அவன் என்ன செஞ்சானோ அதெல்லாம் நானும் செஞ்சேன். அடியில துருப்புடிக்காம இருக்க கோட்டிங்கு. சத்தம் வராம இருக்க நாலு கதவுக்குள்ளயும் ஷீட்டு. சீட்டுக்கு ஒரு கவரு. அந்தக் கவரு அழுக்காகாம இருக்க அதுமேல இன்னொரு கவரு.

எல்லாத்துக்கும் மேல டர்போ சட்டம். வண்டிய நிறுத்தின உடனே இன்ஜின ஆஃப் பண்ணக் கூடாது. ஓட்டமா ஓடி வந்த டர்போ, அதான் இன்ஜினுக்குக் காத்து ஊதற மெஷினு, கொஞ்ச நேரம் ஐடில்ல நின்னு ஆறணும். அதுவரைக்கும் யாரும் கதவத் தொறக்கக் கூடாது, கண்ணாடியையும் எறக்கக் கூடாது. ஏன் கண்ணாடி? அது வெள்ளைக்காரன் சொல்லல. நானா சேத்துக்கிட்டது.

சரி, பல்புக்கு வரேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் தனசேகரு கடையில வண்டிய விட்டேன். பல்ப மாத்திட்டு, அந்தாளு வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. டாக்டரு எக்ஸ்ரேய பாக்கற மாதிரி பெருமூச்சு விட்டாரு.

"எல்லாம் செஞ்சிருக்கீங்க சார். ரிவர்ஸ் ஹாரனு மட்டும் இல்லையே?"

"இல்ல, பல்பு மட்டும்தான்..."

"பின்னாடி எவனாவது மோதிட்டா டிங்கரிங் பண்ணணும். ஒருதரம் டிங்கரிங் பாத்த வண்டி இருவது வருஷம் தாங்குமா சார்?"

அடிச்சாரு பாருங்க, சரியான எடத்துல!

"எல்லா வண்டியும் ரிவர்ஸ்ல இங்கிலீஷ்ல பேசுது. நம்முளுது தமிழ்ல பேசட்டுமே. எங்க வூட்டுக்காரம்மா கொரல் சார். அவங்க ஸ்கூல்ல தமிழ் மிஸ்ஸு."

மாட்டினாரு. "ரிவர்ஸ் போடுங்க சார்"ன்னாரு. கதவத் தொறந்து வெச்சு, பிரேக்க மிதிச்சுக்கிட்டே ரிவர்ஸ் கியரு போட்டேன். பின்னாடி ஸ்பீக்கர்லேருந்து கணீர்னு ஒரு அம்மா.

"கவனியுங்கள்! கவனியுங்கள்! நாங்கள் பின்வாங்குகிறோம்!"

"பின்வாங்குகிறோம்னா... ஒரு மாதிரி இருக்குதே தனசேகரு?"

"சுத்தத் தமிழு சார். கேக்கறவனுக்கு ஒரு மரியாதை வரும்."

எனக்கே வந்துச்சு மரியாதை. சந்தோஷமா வூட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில கெளம்பினோம். முன்னாடி நானும் செந்திலும். பின்னாடி சுமதியும் மாமியாரும். செந்திலு திட்டக்குடியில செல்போன் கடை வெச்சிருக்கான். நாள் பூரா பேசற பொருள விக்கிறவன், வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல.

கண்ணாடியெல்லாம் ஏத்தி, ஏசி போட்டு, மாமியார் பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க.

"செந்திலு, பொண்ணு புடிச்சிருந்தாலும் மூஞ்சில காட்டாத. 'வூட்டுக்குப் போயி கலந்து பேசி சொல்றோம்'னு மட்டும் சொல்லு. ஏற்கெனவே ஒரு எடம் பாத்துட்டுப் போயி, பத்திரிகை அடிக்கிற நேரத்துல பின்வாங்கிடுச்சாம். பயந்துகிட்டு இருப்பாங்க. கொஞ்சம் தவிக்க விட்டாத்தான் சீரு பேசும்போது எறங்கி வருவாங்க."

"சரிம்மா."

வழியில ரோட்டுல பாதிக்கு எள்ளு காயப்போட்டு வெச்சிருந்தாங்க. பிரேக் போட்டேன். பின்னாடி வந்த பைக்குக்காரன் அலறிப்போயி எள்ளு மேலயே வண்டிய விட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டேன். டீக்கடையில இருந்தவங்க மொத்தமா எழுந்து நின்னாங்க.

"பாத்தீங்களா அத்தை? வண்டிய மெயின்டெய்ன் பண்ணா ஜனங்க எழுந்து நிக்கிறாங்க."

கொஞ்ச தூரம் போனா ஒரு பிரைவேட் பஸ்ஸு எங்கள ஒட்டியே ஓவர்டேக் பண்ணுது. கண்டக்டரு படியில தொங்கிக்கிட்டே கையக் கையக் காட்டறாரு. கண்ணாடிய ஒரு இஞ்சு எறக்கினேன்.

"யோவ்! முன்னாடி போறியா, பின்னாடி வரியா? ஏதாவது ஒண்ணு சொல்லு!"

கண்ணாடிய ஏத்திட்டேன். "பொறாமை"ன்னு செந்திலுக்கு விளக்கம் சொன்னேன். கதவுக்குள்ள ஷீட்டு ஒட்டினதோட பலன் அப்பதான் எனக்கு முழுசா கெடைச்சிக்கிட்டு இருந்துச்சு. வெளியில இடி விழுந்தாலும் உள்ள கேக்காது.

ஸ்ரீமுஷ்ணம் வந்தாச்சு. பொண்ணோட அப்பா ராமலிங்கம், கடைத்தெருவுல பாத்திரக்கடை வெச்சிருக்கறவரு. வாசல்லயே சொந்தக்காரங்களோட கைகூப்பி நின்னாரு. அவங்க வூட்டுக்கு நேரா நிறுத்தினேன். தெரு கொஞ்சம் எறக்கம். பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டேன்.

"யாரும் எறங்காதீங்க. டர்போ ஆறட்டும்."

"மாப்ள, அவங்க நிக்கிறாங்களே!"

"அவங்களும் நிக்கட்டும் அத்தை. ஒரு கெத்து இருக்கும்ல?" இத அவங்களால மறுக்க முடியல.

வெளியில பாத்தேன். ராமலிங்கம் சாரோட சிரிப்பு மெல்ல சுருங்குது. கூப்பின கை தானா எறங்குது. வேகமா வந்து என் கண்ணாடிகிட்ட குனிஞ்சு ஏதோ கேட்டாரு.

என் கண்ணாடிகிட்ட குனியறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். "வண்டி டீசலா?" நான் வாயெல்லாம் பல்லா தலையாட்டினேன்.

மறுபடியும் கேட்டாரு. மொகமெல்லாம் செவந்து போயிருந்துச்சு. டீசலுக்கு இவ்ளோ ஆச்சரியமான்னு எனக்கும் பெருமை. இன்னும் அழுத்தமா தலையாட்டி, கட்டை வெரலத் தூக்கிக் காட்டினேன்.

அவரு திரும்பி என்னமோ சொன்னாரு. வாசல்ல நின்ன பொம்பளைங்க ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க. கதவு பாதி சாத்திக்கிச்சு.

டர்போ ஆறிடுச்சு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, பிரேக்ல கால வெச்சபடியே கதவத் தொறந்தேன்.

"கவனியுங்கள்! கவனியுங்கள்! நாங்கள் பின்வாங்குகிறோம்!"

தெரு மொத்தமும் கூடி நிக்குது.

ராமலிங்கம் சாரு கொரலு நடுங்குது. "ஏங்க, புடிக்கலைன்னா ஒரு போன் பண்ணியிருந்தா போதாதா? இப்பிடி மைக் செட்டு கட்டிக்கிட்டு வந்து தெருவுல சொல்லணுமா? எம்பொண்ணு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"ஐயையோ! சார், இது ரிவர்ஸ் ஹாரனுங்க. வண்டி பின்னாடி போனா பேசும்."

"வண்டி நிக்கிதுங்களே?"

ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு எறங்கி, நானும் சக்கரத்தக் குனிஞ்சு பாத்தேன்.

"சரி, அது மெஷினு. நான் வந்து ரெண்டு தரம் கேட்டேனே, நெஜமாவே பின்வாங்குறீங்களான்னு? தலைய ஆட்டுனீங்க. கட்டை வெரல வேற காட்டுனீங்க!"

மாமியார் என்னப் பாத்த பார்வையில ஆறின டர்போ மறுபடியும் சூடாயிருக்கும்.

நிரூபிக்கணும்னு ஒரு வேகம் வந்துச்சு. சீட்டுல உக்காந்து பிரேக்க மிதிச்சேன். "நாங்கள் பின்வாங்குகிறோம்!" விட்டேன். மறுபடி மிதிச்சேன். "நாங்கள் பின்வாங்குகிறோம்!"

கூட்டத்துல ஒரு பெரியம்மா, "ஒருதரம் சொன்னா போதாதாமா, திரும்பத் திரும்ப சொல்றாங்க!"ன்னு மூக்கச் சிந்தினாங்க.

பொண்ணு வூட்டு ஆளு ஒருத்தரு நியாயமாத்தான் கேட்டாரு. "அந்த ஃபியூஸ புடுங்கி விடுங்களேன். நீங்க ஃபியூஸு கம்பெனிதான் வெச்சிருக்கீங்கன்னு புரோக்கர் சொன்னாரு?"

ஃபியூஸு கம்பெனி வெச்சிருக்கற நான் டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டேன். ஒண்ணப் புடுங்கினேன், ஏசி போச்சு. இன்னொண்ணப் புடுங்கினேன், ஹாரன் போச்சு. அடுத்தது வைப்பரு. வண்டியில இருந்த எல்லா வசதியும் போன பிறகும் தமிழ் மிஸ்ஸு மட்டும் அசரல. செந்திலு பிரேக்க மிதிச்சுப் பாத்தான். "நாங்கள் பின்வாங்குகிறோம்!"

அப்போ மாடி ஜன்னல்லேருந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பாத்து, முடியாம வெடிச்ச சிரிப்பு. பொண்ணு கலைவாணிதான். யாரோ உள்ளேருந்து அதட்டறாங்க, நிக்கவே இல்ல.

ராமலிங்கம் சாரு செந்திலுகிட்ட வந்தாரு. "தம்பி, இந்த மெஷினையும் விடுங்க, இவரையும் விடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பின்வாங்குறீங்களா?"

பின்னாடி மாமியாரு கிசுகிசுக்கறாங்க. "கலந்து பேசி சொல்றோம்னு சொல்லு... கலந்து பேசி..."

செந்திலு தொண்டையச் செருமினான். எங்க குடும்பத்துல அவன் சத்தமா பேசினது அதுதான் மொதல் தடவை.

"நான் பின்வாங்கலீங்க. எனக்குப் பொண்ண புடிச்சிருக்கு. சம்மதம்."

"டேய்! பொண்ணையே நீ இன்னும் பாக்கலயேடா!"

"சிரிச்சது கேட்டுச்சும்மா."

தெருவே கை தட்டிச்சு. மூக்கச் சிந்தின பெரியம்மா இன்னும் ஒருதரம் சிந்தினாங்க, இந்தத் தடவை சந்தோஷத்துல.

உள்ள போனோம். கேசரி வந்துச்சு, பஜ்ஜி வந்துச்சு, சிரிச்ச கண்ணு ஈரம் காயாம கலைவாணியும் வந்துச்சு. செந்திலப் பாத்ததும் மறுபடி சிரிப்பு வந்து, காபி டம்ளரு தளும்பிச்சு. அவனும் சிரிச்சான். அத்தோட அவங்க ரெண்டு பேருக்கும் மத்தவங்க யாரும் தேவைப்படல.

மாமியார் விடல. பஜ்ஜிய ஒரு கடி கடிச்சுட்டு ஆரம்பிச்சாங்க. "அப்போ, சீரு விஷயமா..."

ராமலிங்கம் சாரு கைகூப்பினாரு. சிரிப்பு முழுசா திரும்பி வந்திருந்துச்சு. "என்னங்க சம்பந்தி, தம்பி ஊரு கூடி நிக்கையில சம்மதம்னு சொல்லிட்டாரு. எவ்ளோ பெரிய மனசு! இனிமே சீரு கீருன்னு நாம பேசினா அந்த மனசுக்கு மரியாதை இல்லைங்களே?"

மாமியார் மீதி பஜ்ஜிய மொத்தமா வாயில போட்டுக்கிட்டாங்க.

திரும்பும்போது அவங்க எங்க கூட வரல. "நான் பஸ்ஸுல போயிக்கறேன்"ன்னு ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டாங்க. நான் பிரேக்க தொடாம, கியர மாத்தி மாத்தியே விருத்தாசலம் வரைக்கும் ஊர்ந்து வந்து சேந்தேன். ஏசி இல்ல. ஃபியூஸெல்லாம் என் சட்டப் பையில.

நேரா தனசேகரு கடைக்குத்தான் போனேன். நடந்தத முழுசா சொன்னேன். கேட்டுட்டு, பின்னாடி போயி ஒயரப் புடிச்சுப் பாத்தாரு.

"அட, ரிவர்ஸ் லைட்டுக்குக் குடுக்க வேண்டியத பிரேக் லைட்டுக்குக் குடுத்துட்டேன் சார். நேத்து நீங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே ரிவர்ஸ் போட்டதால தெரியல." கொஞ்சம் கூச்சத்தோட கேட்டாரு. "ஆனா சார், கொரலு க்ளியரா இருந்துச்சா?"

"ஸ்ரீமுஷ்ணம் பூரா கேட்டுச்சு."

"எங்க வூட்டுக்காரம்மாகிட்ட சொல்றேன் சார். சந்தோஷப்படுவாங்க."

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மாமியார் மட்டும் அன்னையிலேருந்து என் வண்டியில ஏறறதில்ல, எங்க போனாலும் பஸ்ஸுதான்.

லோடு குறைஞ்சதுல மைலேஜ் நல்லா ஏறியிருக்குது. இத வூட்டுல இன்னும் சொல்லல.