மேல்பாதிச் சுவர்

சாவதற்குள் ஒரு தடவையாவது வெளிநாடு போய் வந்துவிடுவது என்று நான் முடிவு செய்தது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில். அன்றும் என் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பரீட்சை வந்தால் ஓவிய வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடும். பரீட்சை போனால் விடுமுறை வந்துவிடும். ஆக, ஓவிய ஆசிரியர் என்பவர் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

கடைசி விளம்பரத்துக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. ஒரு குளிர் தேசத்தின் தூதரகம் சிறு மானியங்கள் தருகிறது. கலைப் பரிமாற்றத்துக்கும் சமுதாயப் பணிகளுக்கும். தெருவைப் பார்த்த பெரிய சுவர் இருந்தால் போதும். அவர்கள் ஊர் ஓவியர் ஒருவர் வந்து, உள்ளூர் ஓவியரோடு சேர்ந்து அதில் வரைவார். வர்ணமும் சாரமும் தூதரகச் செலவு. பிறகு உள்ளூர் ஓவியர் ஒரு மாதம் அவர்கள் ஊருக்குப் போய் அங்கே ஒரு சுவரில் வரைவார்.

உள்ளூர் ஓவியர் நான். சுவரும் என்னிடம் இருந்தது. சரியாகச் சொன்னால் பாதிச் சுவர்.

வீடு அப்பா கட்டியது. கீழ்த்தளம் எனக்கு, மேல்தளம் அண்ணனுக்கு. தெருப்பக்கம் ஜன்னல் ஒன்றுகூட இல்லாமல் ஓங்கி நிற்கும் சுவரிலும் கீழ்ப்பாதி எனக்கு, மேல்பாதி அவருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் சமையலறைக் குழாய் ஒழுகி என் பாதியில் பச்சையாகக் கறை இறங்கியது. போய்ச் சொன்னேன். "சுவர்தானே? அதுல நீ என்ன படமா வரையப்போற?" என்றார். ஓர் ஓவிய ஆசிரியரைப் பார்த்து!

நான் பதில் பேசவில்லை. கீழே வந்தேன். வீட்டுக்குள்ளிருந்தே மாடிக்குப் போகும் படிக்கட்டுக் கதவைச் சாத்தினேன். அதன் முன்னால் தேக்கு அலமாரியைத் தள்ளி வைத்தேன். அதற்கப்புறமும் பேசவில்லை.

இதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் மனைவிக்குத்தான் இருந்தது. மேலே அண்ணிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அவரைப் பார்க்க இவள் தெருவுக்கு இறங்கி, வீட்டைச் சுற்றிப் போய், பின்பக்கத்து இரும்பு ஏணிப்படியில் ஏற வேண்டும். மழையில் ஒரு தடவை சறுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அண்ணியோ அந்தப் படியில் இறங்கவே முடியாமல் இரண்டு வருஷமாகத் தெருவை மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. அலமாரியை எடுக்கச் சொல்லி மனைவி இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் முடியாது என்றேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

விளம்பரத்தை அவளிடம் காட்டினேன்.

"போன் பண்ணிக் கேளுங்க."

பண்ணினேன். "வணக்கம், தூதரகம், கலைப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஏங்க, போன் பண்ணினது நீங்க. ராங் நம்பர்னு அவங்கதானே சொல்லணும்?"

"எனக்குப் போன்ல பேச வராது."

"நேர்ல மட்டும் அப்படியே கொட்டிடுதாக்கும்."

அவளே மறுபடி போட்டாள். ஜன்னலோரம் போய் நின்று பேசினாள். "ஆமாங்க மேடம்... ஓவிய ஆசிரியர்தாங்க... சொந்த வீடுதாங்க... ஓ... அப்படிங்களா மேடம்..." கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வரும் வழியில் வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கண்ணாடி முன் நின்றிருந்தேன். வியர்வை கழுத்து வரை வந்துவிட்டது. அவள் கோட்டைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியைப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நிபந்தனை இருக்காம்."

"என்ன நிபந்தனை?"

"யோசிச்சு... விசாரிச்சுச் சொல்றாங்களாம்."

மறுநாள் மாலை அவள் மறுபடி போனில் மேடத்தோடு பேசினாள். முதல் நிபந்தனை வந்தது.

"முழுச் சுவரா இருக்கணுமாம். பாதியெல்லாம் எடுத்துக்க மாட்டாங்களாம்."

"கீழ்ப்பாதியே போதும்னு சொல்லு. நான் சமாளிச்சுக்கறேன்."

"சொன்னேன். ஊர்ல உள்ள ஜனங்களையெல்லாம் இடுப்புக்குக் கீழ மட்டும் வரைவாரான்னு கேக்கறாங்க."

"சரி, மேல இருக்கறவருக்கு ஒரு கடுதாசி எழுதிக் கேக்கறேன்."

"கடுதாசி கூடாதாம். ரெண்டு பங்காளியும் நேர்ல நின்னு சுவரை அளக்கணுமாம்."

"இதெல்லாம் ஒரு தூதரகம் கேக்கிற விஷயமா? போனைக் கொடு... வேண்டாம், ஸ்பீக்கர்ல போடு. நான் கேட்டுக்கறேன்."

"ஸ்பீக்கர் போட்டா அவங்க லைன் தானா கட்டாயிடுமாம். தூதரகம் இல்லையா? ரகசியம்."

அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். அண்ணனும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மனைவிதான் வந்து சொன்னாள். எனக்கு ஆச்சரியம். அவர் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அளவு நாடாவைக் கீழே விட்டார். நான் தெருவில் நின்று நுனியைப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியவில்லை.

"பிடிச்சியா?"

"ம்."

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சுத்தான் இருக்கேன்."

"காத்துல ஆடுது பார். எதையும் ஒழுங்காப் பிடிக்கறதில்ல, விடறதுமில்ல."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அளவைப் படி."

படித்தேன். ஆறு வருஷத்தில் அண்ணனிடம் முறைக்காமல் சொன்ன முதல் வாக்கியம் இருபத்து மூன்றடி நாலங்குலம். அப்போதுதான் கவனித்தேன். அவர் குழாய் புதுசாக இருந்தது. என் பக்கம் ஒழுகாதபடி வளைத்துப் பின்பக்கம் திருப்பியிருந்தார். மனசாட்சி குத்தியிருக்கும் என்று நினைத்து, மனதுக்குள் அவரைப் பாதி மன்னித்தேன். என் பங்கு எப்போதும் பாதிதானே.

அடுத்த நிபந்தனைதான் என்னை உலுக்கியது.

"உள்படிக்கட்டு திறந்திருக்கணுமாம்."

"எதுக்கு? ஓவியர் வெளியில சாரத்துலதானே நிக்கப்போறார்?"

"மழை வந்தா? மொட்டைமாடியிலேருந்து நனையாம இறங்கி வர வீட்டுக்குள்ளயே வழி வேணுமாம். அந்த இரும்புப் படியில அவர் விழுந்து வச்சா யார் பதில் சொல்றது? இன்சூரன்ஸ்."

இன்சூரன்ஸ் என்ற சொல்லுக்கு என்னிடம் என்றைக்கும் பதில் இருந்ததில்லை. ஆனாலும் முறைத்தேன்.

"அந்த அலமாரியை எடுத்தா என் மானம் என்ன ஆகும்?"

"மானியம் வேணும்னா மானத்தை எங்கயாவது கொஞ்ச நாள் கழட்டி வைக்கணும். கோட்டு மாட்டுற ஆணி காலியாத்தான் இருக்கு."

ஏனென்றால் கோட்டு என் மேலேயே இருந்தது. குளிர் தேசத்துக்குப் பழகிக்கொண்டிருந்தேன்.

அலமாரி அசையவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைத் தனியாளாகத் தள்ளியது நானில்லை, என் கோபம். இப்போது கூப்பிட்டால் அது வரமாட்டேன் என்றது. மூன்றாவது தடவை மூச்சுப்பிடித்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. இரும்புப்படி இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்பதுபோல் நின்றார். நானும் வாங்க என்று சொல்ல வராமல் நின்றேன்.

"ரெண்டு பேரும் சிலையா நிக்கறதுக்கு மானியம் கிடையாதாம்," என்றாள் மனைவி.

அவர் அந்தப் பக்கம் பிடித்தார். நான் இந்தப் பக்கம். நகர்ந்தது.

"எங்க வைக்கறது?" என்று அண்ணன் கேட்டார்.

"மேல, அக்கா ரூம்ல. கண்ணு தெரியாம துணியெல்லாம் நாற்காலி மேல தேடிக்கிட்டு இருக்காங்க."

"இது மேடம் சொன்னாங்களா?" என்றேன்.

"இதையெல்லாமா அவங்க சொல்லணும்?"

உள்படியிலேயே தூக்கிக்கொண்டு ஏறினோம். திருப்பத்தில் என் விரல் நசுங்கியது. "டேய், பாத்து" என்றார் அண்ணன். அந்த 'டேய்' எனக்கு ஏன் அவ்வளவு நேரம் காதில் இருந்தது என்று தெரியவில்லை. விரல் வலி காரணமாக இருக்கலாம்.

கீழே வந்து உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தபோது, படியில் ஒரு பாதம் தெரிந்தது. அது ஒவ்வொரு படியையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது. அண்ணி. ஒரு கை சுவரில். மனைவி அவர் பின்னால் தொடாமல் வந்தாள். கூடத்துக்கு வந்ததும் அண்ணி என் மூச்சு வந்த திசையில் திரும்பினார்.

"தம்பியா? அலமாரியை எடுத்தீங்களாக்கும்?"

"ஆமா அண்ணி."

"வச்ச அன்னிக்கும் உங்களுக்கு இப்படித்தான் மூச்சு இரைச்சுது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

நான் விரலைப் பார்த்துக்கொண்டேன். அண்ணி வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். மனைவி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இரண்டு பேரும் தெருவில் சும்மா நின்றார்கள். ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அண்ணி அது போன பக்கமே முகத்தைத் திருப்பி, சத்தம் தேயும் வரை நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் இறங்கி வந்தார். தூதரகத்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. மனைவி மாலைதோறும் மேடத்தோடு பேசினாள். "பரிசீலனையில் இருக்காம்" என்றாள். நான் படம் யோசிக்கத் தொடங்கினேன்.

அப்படித்தான் ஒரு மாலை, உள்படியின் கடைசிப் படியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சுவருக்கான மாதிரிப் படம் வரைந்துகொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது கூடத்திலிருந்து தெரியாது. மனைவி போனை எடுத்தாள்.

"ஆமாங்க மேடம், சொல்லுங்க."

மாடியிலிருந்து படிவழியாக ஒரு குரல் இறங்கி வந்தது. "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?"

"தெரியலைங்க மேடம். இருந்தாலும் இருப்பார்."

"எங்க வீட்டுக்காரரும் இங்கதான் எங்கயோ உருட்டிக்கிட்டு இருந்தார். சரி, அடுத்தது ஆஸ்பத்திரி. கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு வச்சிருக்கேன்னு சொன்னியே, அதுக்கு ரெண்டு பேரும் கூட வரணும்னு ஒரு நிபந்தனை போடு."

"என்ன காரணம்னு சொல்லட்டும் மேடம்?"

"சமுதாயப் பணி வீட்டுலேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லேன்."

என் பென்சில் முனை ஒடிந்தது. இத்தனை நாள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பேச்சின் மறுபக்கம் அண்ணியின் குரலில் மாடிப்படி வழியாக வந்துகொண்டிருந்தது. எழுந்து இரண்டிரண்டு படியாக ஏறினேன். திருப்பத்தில் யார் மேலோ மோதினேன். அண்ணன். அவர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் மேலிருந்து என் மனைவியின் குரலைக் கேட்டிருக்கிறார்.

"உனக்கும் மேடமா?" என்றார் மெதுவாக.

"ஆமா. உங்களுக்கும் போன் வந்துதா?"

"உங்க அண்ணிக்கு வரும். நான் பக்கத்துல நிப்பேன். குழாயை மாத்தணும், அப்பத்தான் தம்பியோட சேர்த்து எனக்கும் டிக்கெட்டுன்னு சொன்னா."

"எனக்கு இன்சூரன்ஸ்னு சொன்னா."

இருவரும் படியில் உட்கார்ந்தோம்.

"நான் குல்லா வாங்கிட்டேன்டா," என்றார் அண்ணன்.

"நான் கோட்டு."

"பாத்தேன். தெருவுல அதைப் போட்டுக்கிட்டு நின்னு அளவெடுத்த."

அண்ணன் குல்லா இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அவர், "என்ன பண்ணலாம்? பழையபடி கதவைச் சாத்திடலாமா?" என்றார்.

"சாத்தலாம். அலமாரியை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் கீழ இறக்கணும்."

யோசித்தார். "எனக்கு முதுகு சரியில்ல," என்றார்.

கீழே மனைவி வந்து நின்றாள். கையில் போன். மேலே அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன். தப்பிக்க வழியில்லை. அவர்களுக்கல்ல, எங்களுக்கு.

"நிஜ மேடம் என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"முதல் நாளே முடியாதுன்னுட்டாங்க. சொந்த வீட்டுச் சுவருக்குக் கொடுக்க மாட்டாங்களாம். பள்ளிக்கூடம், நூலகம், சங்கம், இந்த மாதிரி பொதுச் சுவருக்குத்தானாம்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் திரும்பினேன்." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "கோட்டைப் போட்டுக்கிட்டு, அவ்வளவு ஆசையா நின்னீங்க. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல. அலமாரியை எடுக்க முடியாதுன்னு நீங்க என்கிட்ட ரெண்டு தடவை சொன்னீங்க, எப்படித்தான் அவ்வளவு சுலபமாச் சொன்னீங்களோ தெரியல."

முனை ஒடிந்த பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோபமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

"குழாய் நிபந்தனை யார் போட்டது?" என்றார் அண்ணன், விடாமல்.

"அது கீழ் மேடம்," என்றார் அண்ணி மேலிருந்து. "படிக்கட்டு என்னோடது. ரெண்டு பேர்ல நான்தான் கொஞ்சம் கண்டிப்பு."

பத்து வார்த்தை கடுமையாகப் பேசிவிடுவது என்று நான் எழுந்து நின்றேன். அண்ணனும் எழுந்தார். இந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறோம், முதல் தடவையாக ஒரே பக்கம் நிற்கிறோம். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரி," என்றாள் மனைவி. "ரெண்டு பேரையும் மேடம் கூட வரச் சொன்னாங்க."

"எந்த மேடம்?" என்றார் அண்ணன்.

"ரெண்டு மேடமும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பேசு என்று கண்ணைக் காட்டினார். நானும் இருந்த வீரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.